செண்டுவாரைப் பனியில் கார் கழுவிப் படித்த பாடம்

ஜனவரி முதல் வாரம், விடியற்காலை 5.15 மணி. மூணாறு டவுனில் ஒரு லாட்ஜில் 6.30-க்கு சென்னைக் குடும்பம் ஒன்றை ஏற்ற வேண்டும். செண்டுவாரை எஸ்டேட்டிலிருந்து டவுனுக்கு இறங்க ஒரு மணி நேரமாவது பிடிக்கும். கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். என் சாம்பல் நிற வேகனார் கோலமாவைக் கொட்டிப் பூசினதுபோல வெள்ளையாக நின்றது.

உறைபனி எங்களுக்குப் புதிதில்லை. டாப் ஸ்டேஷன் ரோட்டில் குண்டளை தாண்டி இருக்கிற டிவிஷன்களில் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை சில ராத்திரி பூஜ்யத்தைத் தொடும், சில ராத்திரி அதற்கும் கீழே போகும். 2019 ஜனவரியில் மைனஸில் கிடந்த நாட்களில் தேயிலை ஏக்கர் கணக்கில் கருகிப்போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. அன்றைக்குப் புதிது என்னவென்றால், முந்தின நாள் சாயங்காலம் 5 மணிக்கு நான் காரைக் கழுவி நிறுத்தியிருந்தேன். காலையில் ஆட்கள் ஏறுகிற வண்டி பளிச்சென்று இருக்கட்டும் என்ற ஆசை. துடைக்கவில்லை. "காத்துல காஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு சாயா குடிக்கப் போய்விட்டேன்.

கைப்பிடியை இழுத்தேன், கதவு வரவில்லை. வேகமாக ஒரு இழு இழுத்தேன். 'பர்ர்' என்று சத்தத்தோடு கதவு வந்தது, கூடவே கதவைச் சுற்றி இருக்கிற ரப்பர் பீடிங்கும் ஒரு சாண் நீளத்துக்குப் பிய்ந்து வந்தது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. முன்கண்ணாடியில் நகத்தை வைத்துச் சுரண்டிப் பார்த்தேன், நகம்தான் வலித்தது. அடுப்படியில் அம்மா எனக்குக் குளிக்க வெந்நீர் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு வாளி மொண்டு வந்து கண்ணாடியின் தலையிலிருந்து ஊற்றினேன்.

பனி கரைந்து வழிந்தது. ஆவி பறந்தது. சரி, வேலை முடிந்தது என்று நினைத்த அந்த நொடியில் 'டிக்' என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான், சுள்ளி முறிகிற மாதிரி. டார்ச்சை அடித்துப் பார்த்தால் டிரைவர் பக்கம் கீழ் மூலையிலிருந்து கண்ணாடியின் நடு வரைக்கும் ஒரு கோடு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் நாலு விரல் அளவு நகர்ந்தது. அந்த நகர்வை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

கோடு தொடங்கின இடம் எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். மூன்று மாதம் முன்னால் கேப் ரோட்டில் எதிரே வந்த டிப்பரிலிருந்து தெறித்த கல் ஒன்று மிளகு அளவுக்கு ஒரு புள்ளி வைத்திருந்தது. "மிளகு அளவுதானே" என்று விட்டிருந்தேன்.

அந்த டிரிப்பை பக்கத்து லயத்து, அதாவது அடுத்த எஸ்டேட் வரிசை வீட்டு, ஜீப்காரத் தம்பி ஓட்டினான். நான் காரைத் தேனிக்கு இறக்கி, கண்ணாடி மாற்றி, பிய்ந்த பீடிங்கையும் மாற்றிக் கொண்டுவந்தேன். இன்சூரன்ஸில் கேட்கலாமே என்று பலர் சொன்னார்கள். கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் கட்டாயமாக நம் கையிலிருந்து 1000 ரூபாய் போகும். அதோடு மூன்று வருஷம் க்ளைம் வாங்காமல் சேர்த்து வைத்த 35 சதவீதத் தள்ளுபடியும் அடுத்த பிரீமியத்தில் காணாமல் போய்விடும். கூட்டிக் கழித்துப் பார்த்து, கைக்காசையே போட்டேன். உங்கள் வண்டிக்குக் கணக்கு வேறு மாதிரி வரலாம், கேட்பதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

மூணாறில் ஒரு வயசான மெக்கானிக் சேட்டன் உண்டு. அரைத் தமிழ், அரை மலையாளம். நடந்ததைச் சொன்னதும் சிரித்தார். "எடா, முன் கண்ணாடி ஒண்ணு இல்லடா, ரெண்டு. நடுவுல பிளாஸ்டிக் ஒட்டி வெச்சிருக்கு. மேல இருக்கிறது சூட்டுல விரியும், உள்ள இருக்கிறது தணுப்புல அப்படியே நிக்கும். சும்மா இருந்தாத் தாங்கும், கீறல் விழுந்த கண்ணாடி தாங்குமோ?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, போல்ட் ஒன்றைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வெந்நீர விடு. ராத்திரி வண்டியோட தண்ணிய உறங்க விட்டேல்ல, அதாடா நீ செஞ்ச தப்பு."

அவர் சொன்னது சரி. வெந்நீர் ஊற்றியது 5.15-க்குச் செய்த தப்பு. அதற்கு முன்னால் சாயங்காலம் 5 மணிக்கே தப்பு தொடங்கிவிட்டது.

கார் கழுவுவது பற்றி யாரைக் கேட்டாலும், எந்த வீடியோவைப் பார்த்தாலும் முதல் வரி ஒன்றுதான்: வெயிலில் கழுவாதே, காலையிலோ சாயங்காலமோ நிழலில் கழுவு. அது கீழ்நாட்டுக்காரர்களுக்குச் சொன்னது. போடியில் என் மாமா வீட்டு வாசலில் அதைத்தான் நானும் செய்கிறேன். அங்கே 10 மணி வெயிலில் சோப்புப் போட்டால் அலசுவதற்குள் பானட்டில் காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும். போர் தண்ணீரில் உப்பு வேறு, துளி காய்ந்த இடமெல்லாம் வட்டம். ஆனால் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே வந்துவிட்டால் சட்டம் தலைகீழ். இங்கே பனிக்காலத்தில் காலையும் சாயங்காலமும்தான் வண்டி கழுவக் கூடாத நேரம். காலை 11 மணிக்கு மேல், மத்தியானம் 2 மணிக்குள். வெயில் தகட்டில் நன்றாக விழவேண்டும். பானட்டில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். சில்லென்று இருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். இளஞ்சூடாக இருந்தால் வாளியை எடுக்கலாம். சூடு கையைச் சுடுகிற அளவுக்கு இங்கே டிசம்பரில் போவதே இல்லை.

3.30-க்குள் வண்டியில் ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிவிட்டால் எங்கள் பள்ளத்தில் அரைமணி நேரத்தில் குளிர் வந்து உட்கார்ந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரிப் பள்ளத்தைத் தேடி இறங்கும். அதனால்தான் மேட்டு லயத்தில் பனி இல்லாத நாளிலும் எங்கள் கீழ் லயத்தில் புல் வெளுத்துக் கிடக்கும். இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். காற்றில் 2, 3 டிகிரி இருக்கிற ராத்திரியிலேயே கார் கூரையில் உறைபனி பிடித்துவிடும். தகடு தன் சூட்டை நேராக வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றி இருக்கிற காற்றைவிடக் கூடுதலாகக் குளிர்ந்துபோகிறது. மேகம் இருந்தால் அது கம்பிளி மாதிரி கொஞ்சம் காப்பாற்றும். எங்கள் அப்பா கங்காணியாக இருந்தவர், இந்த விளக்கமெல்லாம் அவருக்கு வேண்டாம். ராத்திரி வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பார். "நட்சத்திரம் கொட்டிக் கிடக்கு, காத்தும் அசையல. நாளைக்குக் கொழுந்து கருகும்டா" என்பார். கொழுந்து கருகுகிற ராத்திரிதான் கார் கண்ணாடியும் உறைகிற ராத்திரி. அப்படிப்பட்ட நாளில் காரை ஓட்டுச் சாய்ப்புக்குக் கீழேயோ மரத்தடியிலோ தள்ளி நிறுத்தினாலே பாதித் தொல்லை இல்லை.

இனி கழுவுகிற கதைக்கு வருகிறேன்.

பனிக்காலத்தில் மழை இல்லை, அப்புறம் ஏன் இவ்வளவு அழுக்கு என்று கேட்கலாம். வெளிநாட்டு வீடியோக்களில் பனி உருக ரோட்டில் கொட்டின உப்பைக் கழுவச் சொல்வார்கள், நமக்கு அந்தப் பாடு கிடையாது. நம்முடையது செம்மண். பகலில் ரோட்டுப் புழுதி ஏறும், ராத்திரி பனி இறங்கி அதை நனைக்கும், காலையில் அது சாந்தாகி ஒட்டியிருக்கும். இந்தச் செம்மண்ணை உலரத் துணியால் துடைத்தீர்கள் என்றால் உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்த மாதிரிதான். முதலில் தண்ணீர், வெறும் தண்ணீர், நிறையத் தண்ணீர். எங்களுக்கு மேலே ஓடைக்குப் பக்கத்து ஊற்றிலிருந்து ஹோஸ் போட்டுக் கொண்டுவந்திருக்கிறோம். மோட்டார் இல்லாமலே நல்ல விசையில் வரும். சக்கரத்துக்கு மேல் இருக்கிற வளைவுக்குள்ளும், கதவின் அடி விளிம்பிலும், நம்பர் பிளேட்டுக்குப் பின்னாலும் பீய்ச்சினால் சிவப்பாக வழியும். அது தெளிந்து வருகிற வரைக்கும் துணியைத் தொடமாட்டேன்.

ஊற்றுத் தண்ணீரிடம் ஒரு விசேஷம். விடியற்காலையில் ஊரே விறைத்துக் கிடக்கும்போது அது மட்டும் வெதுவெதுப்பாகத் தெரியும், லேசாக ஆவிகூடப் பறக்கும். மத்தியானம் அதே தண்ணீர் ஜில்லென்று இருக்கும். தண்ணீர் மாறவில்லை, நம் கைதான் மாறியிருக்கிறது. இன்னொரு விசேஷம், உப்பே இல்லாத தண்ணீர். போடித் தண்ணீரில் மூன்று மூடி ஷாம்பு ஊற்றினாலும் நுரைக்காது. இங்கே அரை மூடி போதும், வாளி நிரம்பி வழியும். போடிக் கணக்கில் ஊற்றிவிட்டு அலசி அலசி நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். துணி துவைக்கிற பவுடரைப் போடாதீர்கள். அழுக்கு நன்றாகப் போகும், கூடவே மேலே இருக்கிற வாக்ஸும் போகும். வாக்ஸ் போன தகட்டில் தண்ணீர் உருண்டு ஓடாது, பரவி நிற்கும். நின்ற தண்ணீர் ராத்திரி என்ன செய்யும் என்று சொல்லியாகிவிட்டது.

வாளி இரண்டு. ஒன்று சோப்புக்கு, ஒன்று துணியை அலச. சோப்பு வாளியில் வெந்நீர் கலந்து கை பொறுக்கிற சூட்டில் வைத்துக்கொள்வேன். காருக்காக இல்லை, என் விரலுக்காக. வெயில் ஏறின பிறகு, பனி முழுவதும் போன பிறகு, வெதுவெதுப்பான தண்ணீரால் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. மேலிருந்து கீழே, கூரை முதலில், சக்கரம் கடைசியில். சக்கரத்துக்குப் போட்ட துணி மறுபடி மேலே ஏறக் கூடாது.

துணி என்றால் இங்கே டிரைவர்களுக்கு பனியன் வேஸ்ட்தான். திருப்பூரிலிருந்து மூட்டையாக வருகிறது, கிலோ கணக்கில் வாங்கலாம். ஈரம் நன்றாக உறிஞ்சும். ஆனால் தையல் மடிப்பு, நைலான் நூல், லேபிள் இதெல்லாம் கலந்து கிடக்கும். ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் பார்த்து, மடிப்பு உள்ளவற்றை என்ஜின் துடைக்க ஒதுக்கிவிடுவேன். இப்போது வண்டியின் உடம்பைத் துடைக்க மைக்ரோஃபைபர் துணி இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். பழைய லுங்கியை என்னால் இன்னும் விட முடியவில்லை. கடைசித் துடைப்புக்கு அதைப்போல எதுவும் இல்லை என்பது என் கட்சி. மனைவி ஒப்புக்கொள்வதில்லை.

துடைப்பதில்தான் பனிக்காலம் நம்மைச் சோதிக்கும். வெளியே தெரிகிற இடத்தை எல்லோரும் துடைப்பார்கள். நான் முதலில் நாலு கதவையும் டிக்கியையும் திறந்து வைத்துவிடுவேன். பீடிங் ரப்பரை விரலால் மடக்கி அதன் உள்பக்கம், கதவின் அடியில் இருக்கிற ஓட்டை, பெட்ரோல் மூடிக் குழி, கைப்பிடியின் பின்பக்கம், சைடு மிரர் கூடு, வைப்பரின் அடி எல்லாம் துடைப்பேன். சாவி போடுகிற ஓட்டையில் ஹோஸை நேராக அடிக்கவே கூடாது. நாலு கதவும் விரித்தபடி வண்டி வெயிலில் அரைமணி நேரம் நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கோழி றெக்கையை விரித்து வெயில் காய்கிற மாதிரி இருக்கும்.

ரப்பர் ஒட்டாமல் இருக்க என்ன தடவலாம் என்று யோசித்தபோது, கேரளத்தில் இருந்துகொண்டு வேறு எதை யோசிப்பேன், தேங்காய் எண்ணெய். நாலு கதவு ரப்பருக்கும் தாராளமாகத் தடவி, சாவித் துளையிலும் இரண்டு சொட்டு விட்டேன். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும். எங்கள் வீட்டில் கார்த்திகை பிறந்தால் எண்ணெய் பாட்டிலை அடுப்பு மேட்டில் வைத்துத்தான் தலைக்கே தேய்க்கிறோம். அது தெரிந்த நானே மறந்துவிட்டேன். மறுநாள் காலை ரப்பர் முழுக்க வெள்ளை மெழுகு. சாவி பாதிக்கு மேல் நுழையவில்லை. மெழுகில் செம்புழுதி ஒட்டி மத்தியானத்துக்குள் செங்கல் நிறமாகிவிட்டது. இப்போது ரப்பருக்கு சிலிக்கான் ஸ்பிரே, துணியில் அடித்து லேசாக ஒரு இழுப்பு, மாதம் ஒரு தடவை. சாவித் துளைக்கு கிராஃபைட் தூள். தேங்காய் எண்ணெயை ஒரே ஒரு வேலைக்கு வைத்திருக்கிறேன். புதிதாகத் தார் போட்ட ரோட்டில் போய்வந்தால் கதவின் அடியில் கறுப்புப் புள்ளி ஒட்டும் இல்லையா, வெயிலில் உருகின எண்ணெயைத் தொட்டு ஐந்து நிமிஷம் ஊறவைத்துத் துடைத்தால் அழகாக வரும். அப்புறம் சோப்புப் போட்டு அந்த எண்ணெயையும் கழுவிவிட வேண்டும்.

உள்பக்கம் பற்றி சுருக்கமாக. ஆட்கள் பனிப்புல்லில் நடந்துவிட்டு ஈரக் காலோடு ஏறுவார்கள். மேட் நனையும், அதன் கீழே இருக்கிற கார்ப்பெட்டும் நனையும். இரண்டு நாள் விட்டால் பூஞ்சை வாடை. காலையில் கண்ணாடி உள்பக்கமாகப் புகைவதும் அந்த ஈரத்தால்தான். மேட்டைத் தினமும் வெளியே எடுத்துவிடுகிறேன். அடியில் பழைய செய்தித்தாள் நாலு மடிப்பு போட்டு, நனைந்தால் மாற்றுவேன். ஓடும்போது புகைந்தால் ஏ.சி.யை முன்கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். குளிரில் ஏ.சி.யா என்று பலர் சிரிக்கிறார்கள். காற்றிலிருக்கிற ஈரத்தை வாங்குவது அதுதான். கூடவே ஹீட்டரையும் திறந்துவிட்டால் கை விறைக்காது.

இவ்வளவு செய்தும் காலையில் கண்ணாடியில் பனி இருந்தால்? என்ஜினை ஓடவிட்டு, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவேன். பத்து நிமிஷம் ஆகும், அதற்கு முன்கூட்டியே எழுந்துகொள்ள வேண்டியதுதான். பழைய ஏ.டி.எம். கார்டால் சுரண்டலாம், தகரம் கூடாது. ஒட்டியிருக்கிற வைப்பரைப் போட்டுவிடாதீர்கள். ரப்பர் கிழியும், இல்லையென்றால் மோட்டார் போகும். ராத்திரியே அதை நிமிர்த்தி வைத்துவிடுவது நல்லது.

இன்னும் சுலபமான வழி, கண்ணாடியை மூடி வைப்பது. அம்மா கொழுந்து எடுக்கப் போன காலத்தில் போட்டிருந்த கறுப்புக் கம்பிளி ஒன்று பரணில் கிடந்தது. அதை எடுத்தேன். "முப்பது வருஷம் நான் போத்துன கம்பிளிய காருக்கா போத்துற?" என்று கேட்டார்கள். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. இப்போது ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும்போது, "போத்திட்டியா?" என்று அவர்களே கேட்கிறார்கள். கண்ணாடி நன்றாகக் காய்ந்திருந்தால் மட்டும்தான் போர்த்த வேண்டும். ஈரத்தில் போர்த்தினால் கம்பிளியே ஒட்டிக்கொள்ளும்.

கையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். விரல் விறைத்துப் போனால் நேராக அடுப்பில் காட்டாதீர்கள். உணர்ச்சி இல்லாத கைக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். கக்கத்தில் வைத்துச் சூடேற்றுங்கள். ரப்பர் கையுறைக்குள் மெல்லிய பருத்திக் கையுறை ஒன்று போட்டுக்கொண்டால் ஒரு மணி நேரம் தாங்கும். இருட்டோடு எழுந்து வெளியே தண்ணீர் பிடிக்கிற வேலையும் வேண்டாம். பனி மூட்டத்தில் பத்தடியில் யானை நின்றாலும் தெரியாது. போன வருஷம் எங்கள் வாழையைத் தின்றுவிட்டு ஹோஸையும் மிதித்துவிட்டுப் போனது, நான் தூங்கிக்கொண்டிருந்ததால் இதை எழுதுகிறேன்.

கடைசியாக பிரேக். கண்ணாடி போன அதே மாதம், மத்தியானம் கழுவிக் கச்சிதமாகத் துடைத்து, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து நிறுத்தினேன். காலையில் வண்டி நகர்கிறது, பின்சக்கரம் ஒன்று மட்டும் உருளாமல் இழுபடுகிறது. டிரம்முக்குள் போன தண்ணீர் உறைந்து லைனிங் ஒட்டிக்கொண்டது. முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, மரக்கட்டையால் டிரம்மைத் தட்டி, 'டப்' என்று விட்டது. அதிலிருந்து பனிக்காலத்தில் ஹேண்ட் பிரேக் போடுவதில்லை. சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்கு அண்டைக்கல் வைப்பேன். வண்டி எடுக்கும்போது கல்லை மறக்காமல் இருக்க, கல்லில் கட்டின கயிற்றைக் கதவுக் கைப்பிடியில் மாட்டி வைத்திருக்கிறேன்.

கழுவின கையோடு ஒரு ரவுண்டும் போவேன். குண்டளைப் பக்கம் மூன்று கிலோமீட்டர் இறங்கி, பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்து, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுவேன். அந்தச் சூட்டில் டிரம் காய்ந்துவிடும். லயத்துப் பிள்ளைகளுக்கு இது தெரிந்துபோயிற்று. நான் பனியன் வேஸ்ட்டைப் பிழிவதைப் பார்த்ததும் நாலைந்து பேர் வந்து வரிசையாக நின்றுகொள்கிறார்கள். வண்டி பிரேக்குக்குக் குலுங்கும்போதெல்லாம் பின்சீட்டிலிருந்து கூச்சல். போன ஞாயிற்றுக்கிழமை நான் காரைத் தொடவே இல்லை. மூன்று மணிக்குக் கதவைத் தட்டி ஒரு பொடியன் நிற்கிறான், "மாமா, இன்னைக்கு பிரேக் காயப் போடலையா?"